எஃகும் ஒரு பெயரும்

ஓர் அரூபச் சிற்பத்துக்குச் சமூக அர்த்தமும் அரசியல் அர்த்தமும் உண்டு என்று சொல்லப்படும்போதெல்லாம் ஏதோ ஒன்று நெருடுகிறது. அந்த அர்த்தம் உண்மையில் எங்கே குடியிருக்கிறது என்ற கேள்விதான் அந்த நெருடல். முகமும் கையும் உடையும் உள்ள சிலையில் இந்தக் கேள்வி எழுவதில்லை, ஏனெனில் அங்கே இன்னார் நிற்கிறார் என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும். அவரைப் பிடித்தவர்கள் மாலை போடுவார்கள், பிடிக்காதவர்கள் இரவில் வந்து மூக்கையோ விரலையோ உடைத்துவிட்டுப் போவார்கள், இரண்டுமே அந்தச் சிலையைச் சரியாக வாசித்ததன் விளைவுகள். உலகில் கண்ணால் காணும் எந்த உருவையும் பிரதிசெய்யாமல் வடிவம், எடை, சமநிலை, வெற்றிடம் ஆகியவற்றை மட்டுமே நம்பி நிற்பது அரூபச் சிற்பம். அதற்கு மாலை போடுவதற்குக் கழுத்தும் இல்லை, உடைப்பதற்கு மூக்கும் இல்லை. அத்தகைய ஒன்று இனவெறியைப் பற்றிப் பேசுகிறது, போரைக் கண்டிக்கிறது, கொலையுண்ட ஒரு தலைவரை நினைவுகூர்கிறது என்று கையேடுகள் எழுதும்போது, பேசுவது உலோகமா, அதைச் செய்தவரா, பக்கத்தில் பதித்த பலகையா, அல்லது அந்த உலோகத்தைச் சுற்றி நடந்த சண்டையா என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது. இந்தச் சிக்கலை முழுமையாகத் தன்மேல் சுமந்துகொண்டு நிற்கும் படைப்பு ஒன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்தில் இருக்கிறது: ஓவியரும் சிற்பியுமான பார்னெட் நியூமன் 1963இல் கருக்கொண்டு 1967இல் எஃகில் செய்து முடித்த ‘உடைந்த ஒபெலிஸ்க்’.

அதன் அமைப்பைச் சொற்களில் விளக்குவது எளிது. எதிரே நிற்பவரின் உடல் அடையும் பதற்றத்தை விளக்குவதுதான் எளிதன்று. தரையில் ஒரு பிரமிடு அமர்ந்திருக்கிறது. அதன் கூர்நுனியின்மேல் ஓர் ஒபெலிஸ்க், அதாவது மேலே செல்லச்செல்லக் குறுகி உச்சியில் சிறு பிரமிடாக முடியும் நான்கு பட்டைத் தூண், தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கூர்மை கூர்மையைத் தொடுகிறது; இரண்டு நுனிகளின் கோணமும் ஒன்றே என்பதால், பக்கவாட்டில் நோக்கும் கண்ணுக்கு அந்தச் சந்திப்பு ஒரு பெருக்கல் குறியாகத் தெரிகிறது. ஏறத்தாழ 26 அடி உயரமுள்ள மொத்த அமைப்பின் மேற்பாதி முழுவதும் இரண்டேகால் அங்குலச் சதுரம் ஒன்றின்மேல் நிற்கிறது. உள்ளே ஓர் எஃகுத் தண்டு இரண்டையும் ஊடுருவிப் பிடித்திருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்தாலும் கண் அதை ஏற்க மறுக்கிறது, அடுத்த காற்றில் சாய்ந்துவிடும் என்றே எண்ணிக்கொள்கிறது. தலைகீழான தூணின் மேல்முனை, அது உண்மையில் தூணின் அடிப்பகுதி, ஒழுங்காக வெட்டப்படாமல் பிய்த்தெடுத்ததுபோல் கரடுமுரடாக முடிகிறது. கீழிருந்து பார்க்கும்போது தூண் வானத்திலிருந்து இறங்கி வந்து பிரமிடைத் தொட்டதா, பிரமிடிலிருந்து எழும்பி நடுவழியில் முறிந்ததா என்று முடிவுசெய்ய இயலாது. வீழ்ச்சியும் எழுச்சியும் ஒரே வடிவத்துக்குள் ஒன்றையொன்று நீக்காமல் இருக்கின்றன என்பதே இந்தச் சிற்பத்தின் முதன்மையான அறிவு. அதன் அரசியலை வாசிக்க முயலும் எவரும் இந்த முடிவின்மையிலிருந்துதான் தொடங்க முடியும்.

வடிவம் வெறும் வடிவமாக மட்டும் வந்துவிடவில்லை, வரலாற்றைச் சுமந்துகொண்டே வந்தது. ஒபெலிஸ்க் எகிப்திய அரசர்கள் சூரியனை நோக்கி நிறுத்திய ஒற்றைக்கல். தங்கள் வெற்றிகளையும் பட்டங்களையும் நான்கு பக்கமும் செதுக்கிக்கொண்ட அதிகாரத் தூண். அதனாலேயே அடுத்தடுத்து வந்த பேரரசுகளுக்கு அது ஆசைப்பொருளாயிற்று: ரோமானியர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள், லக்சரில் நின்ற ஒன்று 1836இல் பாரிஸின் சதுக்கத்தில் நட்டுவைக்கப்பட்டது, 1878இல் லண்டனுக்கும் 1881இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கும் ஒவ்வொன்று போய்ச் சேர்ந்தன. சொந்தமாக எகிப்தை வெல்லாத அமெரிக்கா, தன் முதல் குடியரசுத் தலைவருக்காக 555 அடி உயர ஒபெலிஸ்க் ஒன்றைத் தானே கட்டி, 1884இல் வாஷிங்டனில் முடித்தது. ஆகவே 1967 அக்டோபரில் நியூமனின் சிற்பம் ஒன்று வாஷிங்டனின் கோர்கோரன் கலைக்கூடத்துக்கு வெளியே, வெள்ளை மாளிகைக்கு அருகே, வாஷிங்டன் தூணின் பார்வைக்குள் நிறுத்தப்பட்டபோது, அரசின் அடையாளத்தைப் பிடுங்கித் தலைகீழாகக் குத்திவைத்ததுபோல் பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அதே மாதம் 21ஆம் தேதி வியட்நாம் போரை எதிர்த்த மக்கள் கூட்டம் அதே நகரத்திலிருந்து பென்டகனை நோக்கி நடந்தது. சிற்பம் அந்த ஊர்வலத்துக்காகச் செய்யப்பட்டதன்று. ஆனாலும் அந்த மாதத்தில் அந்த நகரத்தில் நின்றுகொண்டு, முறிந்த அரசுத் தூண் ஒன்று அரசியல் இல்லாமல் இருந்திருக்க முடியாது. நியூயார்க்கில் சீகிராம் கட்டடத்தின் முன்றிலில் அதே வேளையில் நின்ற அதன் இரட்டைப் பிறவி, உயர்ந்த கண்ணாடிச் சுவரின் கீழ், வணிக நிறுவனங்களின் ஊழியர்கள் மதிய உணவுக்குக் கடந்துபோகும் வழியில், வேறொன்றாகத் தோன்றியிருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

செய்தவரின் மனத்தில் அர்த்தத்தைத் தேடினால் விடை இன்னும் வழுக்குகிறது. நியூமன் 1905இல் நியூயார்க்கில், போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அரசு என்ற அமைப்பையே ஏற்காத அராஜகவாதி என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். 1933இல் நியூயார்க் மேயர் பதவிக்கு நின்றவர். 1968இல் அராஜகச் சிந்தனையாளர் கிரபோட்கினின் தன்வரலாற்றுக்கு முன்னுரை எழுதியவர். பரந்த ஒற்றை நிறப் பரப்பில் ஒன்றிரண்டு செங்குத்துக் கோடுகள் மட்டுமே உள்ள தம் ஓவியங்களைச் சரியாக வாசித்தால் அரசு முதலாளியமும் சர்வாதிகாரமும் முடிவுக்கு வந்துவிடும் என்று அவர் சொன்னதுண்டு. அந்தச் சொல்லில் பெருமிதம் அதிகம் என்று தள்ளிவிடுவது எளிது. எனினும் அதற்குள் ஒரு வாதம் இருக்கிறது: எவருடைய உருவத்தையும் காட்டி எதையும் நம்பச் சொல்லாத படைப்பின் எதிரே நிற்பவர், தாம் இங்கே, இந்த இடத்தில், தம் உடலோடு நிற்பதை மட்டுமே உணர்கிறார், அந்த உணர்வு எந்த அதிகாரத்துக்கும் அடங்காது என்பது அவருடைய நம்பிக்கை. இந்த நம்பிக்கையைக் கோட்பாடாக ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆனால் ஹூஸ்டனில் இந்தச் சிற்பம் பின்னாளில் யாருடைய நினைவுக்கு உரியதாயிற்றோ அந்தக் கறுப்பினக் குடிமை உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங், ‘உடைந்த ஒபெலிஸ்க்’ கருவான 1963இல் உயிரோடிருந்தார், அப்போது அந்தச் சிற்பத்துக்கும் அவருக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்பது கோட்பாட்டால் மாறாத செய்தி. தற்செயல் ஒன்று மட்டும் கவனத்தை இழுக்கிறது. அதே 1963இன் ஆகஸ்ட் 28 அன்று, லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று கிங் ஆற்றிய உரையின்போது அவர் கண்ணுக்கு நேரெதிரே நீண்ட குளமும் அதன் மறுகோடியில் வாஷிங்டன் ஒபெலிஸ்க்கும் இருந்தன; குளத்தின் இரு கரையிலும் மக்கள் நிறைந்திருந்தார்கள். பின்னாளில் ஹூஸ்டனில் அவர் பெயரைத் தாங்கிய முறிந்த ஒபெலிஸ்க்கும் குளத்துக்குள்தான் நிற்கிறது. இதை யாரும் திட்டமிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. வடிவங்களுக்கு அவற்றைச் செய்பவர்களைவிட நீண்ட நினைவு உண்டு என்று கொண்டால் போதும்.

கிங்கின் பெயர் இந்த எஃகை வந்தடைந்த வழி, ஒரு பேரத்தின் வழி. கிங் 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஹூஸ்டன் நகரத்துக்குத் தற்காலச் சிற்பம் ஒன்றை வாங்கக் கூட்டரசின் கலை நிதியிலிருந்து ஒரு தொகை கிடைக்கவிருந்தது. அதற்கு ஈடான தொகையை உள்ளூரில் யாராவது தர வேண்டும். ஜான் டி மெனில், டொமினிக் டி மெனில் என்ற கலைப் புரவலர் தம்பதியர் தர முன்வந்தார்கள். நாஜிகள் பிடித்த பிரான்ஸிலிருந்து வெளியேறியவர்கள் அவர்கள். டொமினிக்கின் தந்தை வழிவந்த, எண்ணெய்க் கிணறுகளை அளந்தறியும் ஷ்லம்பர்ஜர் நிறுவனத்தின் செல்வத்தோடு ஹூஸ்டனில் குடியேறியவர்கள். அவர்கள் தேர்ந்தது நியூமனின் சிற்பத்தை. இட்ட நிபந்தனை அது கிங்கின் நினைவுக்கு உரியதாக அறிவிக்கப்பட வேண்டும் என்பது. நகர மன்றத்துக்குச் சிற்பத்தின் வடிவத்தில் பெரிய ஆட்சேபம் இல்லை, பெயரில்தான் ஆட்சேபம், அவர்கள் மறுத்தார்கள். அப்படியானால் பெயருக்குப் பதிலாக, சிலுவையில் ஏசு தம்மைக் கொன்றவர்களை மன்னிக்கும்படி தந்தையிடம் வேண்டிய சொற்களைப் பொறிக்கலாம் என்று ஜான் டி மெனில் முன்மொழிந்தார். அந்தப் பகடி யாரை நோக்கியது என்பது மன்றத்தினருக்குப் புரியாமல் இருந்திருக்காது. பேரம் முறிந்தது. தம்பதியர் சிற்பத்தைத் தாங்களே வாங்கி, தாங்கள் கட்டிக்கொண்டிருந்த ரோத்கோ வழிபாட்டுக்கூடத்தின் எதிரே, குளம் ஒன்றுக்குள் நிறுத்தினார்கள். எந்த ஒரு மதத்துக்கும் உரியதாகாமல், மார்க் ரோத்கோவின் 14 கருநிற ஓவியங்களைச் சுவர்களாகக் கொண்ட அந்தக் கூடம் 1971 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது ரோத்கோவும் இல்லை, நியூமனும் இல்லை. இருவரும் 1970இல் இறந்துவிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு முடிவு மிக எளிதாகக் கைக்கு வருகிறது: சிற்பத்துக்கு அரசியல் அர்த்தத்தைக் கொடுத்தது அந்த மறுப்புதான். நகர மன்றம் மறுப்பின்றி ஏற்றிருந்தால், திறப்பு விழாவும் ஒரு பித்தளைப் பலகையும் ஒரு மேயரின் உரையும் நடந்து, பத்தாண்டுகளில் அது பேருந்துக்குக் காத்திருப்போர் நிழலுக்கு ஒதுங்கும் இடமாகியிருக்கும். மறுத்ததனாலேயே கிங்கின் பெயர் அந்த எஃகில் எழுதாமலேயே எழுதப்பட்டுவிட்டது. இந்த முடிவு அழகானது. அழகாக இருப்பதனாலேயே ஐயத்துக்கும் உரியது. அது எதிரிகளை ஆசிரியர்களாக்குகிறது. கிங் யாருக்காகப் போராடினாரோ அவர்களை எங்கும் காட்டுவதில்லை. பேரம் நடந்தது செல்வந்தக் குடும்பம் ஒன்றுக்கும் வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த நகர மன்றம் ஒன்றுக்கும் இடையில். ஹூஸ்டன் மன்றத்துக்குப் புதிய காலத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் ஜட்சன் ராபின்சன் தேர்ந்தெடுக்கப்பட்டதே 1971இல்தான். அந்தப் பேரத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1967 மே மாதத்தில், அதே நகரத்தின் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்களின் விடுதியைக் காவல்துறை சுட்டுத் துளைத்து 488 மாணவர்களைக் கைதுசெய்திருந்தது. அந்த விடுதியில் இருந்த ஒரு மாணவருக்குத் தலைகீழான தூண் ஒன்று என்ன சொல்லியிருக்கும்? டி மெனில் தம்பதியர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் குடிமை உரிமைப் போராட்டத்துக்கும் உதவியவர்கள் என்பதும், மேற்கத்தியக் கலையில் கறுப்பின மனிதரின் உருவம் எவ்வாறு சித்திரிக்கப்பட்டது என்ற பெரும் ஆய்வைத் தொடங்கியவர்கள் என்பதும் உண்மை; அவர்களின் நேர்மையை ஐயுறுவதற்குக் காரணமில்லை. ஐயம் நேர்மையைப் பற்றியதன்று. துக்கத்தின் உரிமையாளர் யார், அதற்கு வடிவம் தெரிவுசெய்யும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றியது. மன்னிப்பின் சொற்களைப் பொறிக்க முன்மொழிந்தவர் கொலையால் இழந்த சமூகத்தவர் அல்லர். பிறர் சார்பில் வழங்கப்படும் மன்னிப்பில், அது பகடியாகவே இருந்தாலும், ஒரு கூச்சம் இருக்கத்தான் வேண்டும்.

இந்த ஐயத்தைக் கூர்மையாக்கும் இன்னொரு சிற்பி இருக்கிறார். மெல்வின் எட்வர்ட்ஸ் 1937இல் ஹூஸ்டனிலேயே பிறந்தவர், கறுப்பினத்தவர். நியூமன் தம் ஒபெலிஸ்க்கைக் கருக்கொண்ட அதே 1963இல், லாஸ் ஏஞ்சலிஸில் எட்வர்ட்ஸ் ‘லிஞ்ச் துணுக்குகள்’ என்ற வரிசையைத் தொடங்கினார். லிஞ்ச் என்பது கும்பல் கூடி விசாரணையின்றிக் கொல்வதைக் குறிக்கும் சொல். அமெரிக்காவில் பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கு நேர்ந்தது. சங்கிலிக் கண்ணிகள், கொக்கிகள், ஆணிகள், சுத்தியல் தலைகள், கத்தி அலகுகள், உடைந்த கருவிகள் ஆகியவற்றை வெல்டிங் செய்து பிணைத்து, தலையளவுள்ள முடிச்சுகளாக்கிச் சுவரில் முக உயரத்தில் மாட்டுவது அவர் முறை. அவையும் அரூபமே, எந்த மனித உருவமும் அவற்றில் இல்லை. ஆனால் அங்கே இரும்பு தான் என்னவாக இருந்தது என்பதை மறக்கவில்லை: சங்கிலி சங்கிலியாகவே இருக்கிறது, வெல்டிங்கின் தழும்புகள் உருகி வழிந்த கோலத்திலேயே உறைந்திருக்கின்றன, அருகே செல்பவரின் முகம் ஒரு கொக்கியின் முனைக்கு நேரே வந்து நிற்கிறது. நியூமனின் எஃகு தகட்டுப் பரப்பாக மழுங்கி, வெல்டிங்கின் தடயங்களை மறைத்து, எகிப்தின் தொன்மையைப் பூசிக்கொண்டு உன்னதத்தை, அதாவது அளவை மீறிய பெருமையும் அச்சமும் ஒருசேரக் கவியும் உணர்வை, எட்ட முயல்கிறது. உன்னதம் மனிதரை உயர்த்தும். அதே வேளையில் கயிற்றையும் மரக்கிளையையும் கண்ணிலிருந்து மறைத்தும்விடும். நியூமனுக்கே இது தெரிந்திருந்தது போலும். 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே போராட்டக்காரர்களைக் காவல்துறை அடித்து நொறுக்கியபின், அந்நகர மேயரைப் பெயர் சொல்லிக் குறிவைத்து அவர் செய்த ‘மேயர் டேலிக்கு ஒரு சரிகைத் திரை’ என்ற சிற்பத்தில் உன்னதத்தின் சாயலே இல்லை. ஓர் எஃகுச் சட்டம், அதில் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டிய முள்கம்பி, அதன்மேல் சிதறிய சிவப்புச் சாயம், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து எட்வர்ட்ஸ் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிப்படுத்திய படைப்புகளும் முள்கம்பியாலும் சங்கிலியாலும் ஆனவை. ஒரே பொருளை இருவரும் எடுத்தார்கள். ஒருவர் கோபத்தில் ஒருமுறை எடுத்தார், மற்றவர் அந்தப் பொருளோடு வாழ்ந்தார்.

இதனால் நியூமன் தோற்றார், எட்வர்ட்ஸ் வென்றார் என்று தீர்ப்பெழுதுவது பொருந்தாது. கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் மக்களின் முகங்களையே வரைய வேண்டும், அரூபம் வெள்ளையரின் சொகுசு என்ற நெருக்குதல் அந்தக் காலத்தில் பல திசைகளிலிருந்தும் இருந்தது. எட்வர்ட்ஸ் உட்படப் பலர் அதற்கு இணங்க மறுத்தார்கள். 1971 ஆகஸ்டில் ஹூஸ்டனின் கறுப்பினத்தவர் வாழும் ஐந்தாம் வட்டத்தில், கைவிடப்பட்ட டி லக்ஸ் திரையரங்கில், அதே டி மெனில் ஆதரவோடு, ஓவியர் பீட்டர் பிராட்லி கறுப்பு வெள்ளை இரு இனத்துக் கலைஞர்களின் அரூபப் படைப்புகளை ஒன்றாகத் தொங்கவிட்டார். அரூபத்தைப் புரிந்துகொள்ளச் செல்வச் செழிப்புள்ள கலைக்கூடம் தேவையில்லை என்ற பந்தயம் அதில் இருந்தது. முகமும் சொற்களும் உள்ள நினைவுச்சின்னம் மட்டும் அர்த்தத்தைப் பத்திரமாகப் பூட்டிவைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2011இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட கிங் நினைவகத்தில் 30 அடி உயரக் கருங்கல் உருவமே நிற்கிறது. ஆனால் அதன் பக்கவாட்டில் அவர் சொற்களாகப் பொறிக்கப்பட்ட ஒரு வரி, முன்னிருந்த நிபந்தனைச் சொல்லை வெட்டிச் சுருக்கியதால் அவரைத் தற்பெருமைக்காரராகக் காட்டிவிட்டது என்ற கண்டனம் எழுந்து, 2013இல் கல்லிலிருந்தே அகற்றப்பட்டது. பெயரும் முகமும் வாக்கியமும் இருந்தும் பொருள் பிறழ்ந்தது. சொல்லைப் பொறித்தால் சொல் திரிகிறது, பொறிக்காவிட்டால் மறக்கப்படுகிறது. நினைவுச்சின்னம் எழுப்புபவர் இந்த இரண்டு இழப்புகளுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

உலோகத்தின் போக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனெனில் அது மனிதர்களின் நோக்கத்தைக் கேட்டு நடப்பதில்லை. ‘உடைந்த ஒபெலிஸ்க்’ கார்டென் எஃகால் ஆனது. 1930களில் அமெரிக்க எஃகு நிறுவனம் ஒன்று சந்தைக்குக் கொண்டுவந்து, முதலில் ரயில் சரக்குப் பெட்டிகளுக்குப் பயன்பட்ட கலப்பு எஃகு அது. செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் சிறிதளவு சேர்ந்திருப்பதால் மேலே படியும் துரு, சாதாரண இரும்பில்போல் பொருக்காக உதிராமல், இறுகிப் பற்றிக்கொண்டு உள்ளிருக்கும் எஃகுக்குக் கவசமாகிவிடும். வண்ணம் பூச வேண்டியதில்லை. முதலில் ஆரஞ்சாகவும் பிறகு செம்பழுப்பாகவும் கடைசியில் கிட்டத்தட்டக் கத்தரிப்பூக் கருமையாகவும் அது தானே நிறம் மாறும். காயத்தையே தோலாக்கிக்கொள்ளும் இந்த உலோகத்தை அரசியல் நினைவுக்கு உவமையாக்க எழுத்தாளர்கள் துடிப்பது இயல்பு. ஆனால் கவசம் இறுக வேண்டுமானால் நனைந்த எஃகு இடையிடையே நன்றாகக் காய வேண்டும். ஹூஸ்டனோ மெக்சிகோ வளைகுடாவுக்கு அருகே, ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று கனத்துக் கிடக்கும் நகரம். அதுவும் இந்தச் சிற்பம் நிற்பது குளத்துக்குள். ஈரம் தேங்கும் இடங்களில் துரு கவசமாக நிற்காமல் அரிக்கத் தொடங்குகிறது. ஆகவே என்றும் பராமரிப்பு வேண்டாத உலோகம் எனப்பட்டது ஒருமுறைக்கு மேல் பழுதுபார்க்கப்பட வேண்டியதாயிற்று. உவமை தேடுபவர்கள் இந்தப் பிற்பகுதியைச் சொல்வதில்லை. நினைவு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று நம்பி எழுப்பப்பட்ட எதுவும் யாரோ சிலர் சாரம் கட்டி, சுரண்டி, காயவைத்து, மீண்டும் நிறுத்தினால்தான் நிற்கிறது.

அர்த்தம் வடிவத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இந்தச் சிற்பமே சான்று கூறுகிறது, ஏனெனில் அது ஒன்று அன்று. கனெக்டிகட் மாநிலத்தின் நார்த் ஹேவனில், பெரிய சிற்பங்களைச் செய்துதருவதற்கென்றே தொடங்கப்பட்ட லிப்பின்காட் பட்டறையில் ஒரே அளவில் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உருவாயின. ஒன்று சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செங்கல் பாவிய சதுக்கத்தில், வகுப்புக்கு ஓடும் மாணவர்களுக்கு நடுவே நிற்கிறது. மற்றொன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு உரியது. அதே எஃகு, அதே கோணம், அதே இரண்டேகால் அங்குலம். ஆனால் அவற்றின் எதிரே நிற்கும் எவருக்கும் கிங் சுடப்பட்ட மெம்ஃபிஸ் விடுதியின் மாடி முகப்பு நினைவுக்கு வரவேண்டிய கட்டாயமில்லை. ஹூஸ்டன் படிக்கு மட்டும் அந்தக் கட்டாயம் உண்டு. அதைக் கொடுத்தவை ஒரு நிபந்தனையும் ஒரு மறுப்பும் ஒரு குளமும் ஒரு வழிபாட்டுக்கூடமும், 1991இல் நெல்சன் மண்டேலா வந்து பேசியது போன்ற தொடர்ந்த கூடுகைகளும். எனினும் இந்தச் சான்றை அதன் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. எந்த வடிவத்தின்மேலும் எந்தப் பெயரையும் ஒட்டிவிடலாம் என்றால், டி மெனில் தம்பதியர் மகிழ்ச்சி ததும்பும் வண்ணத் தகட்டுச் சிற்பம் ஒன்றைத் தேர்ந்திருந்தாலும் அதே விளைவு கிட்டியிருக்கும். கிட்டியிருக்காது என்பதைக் கண் அறியும். நடுவழியில் முறிந்தும் நிற்கிற தூணுக்கும், 39 வயதில் முறிக்கப்பட்டும் முடியாத வாழ்வுக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. வடிவம் பெயரைப் பிறப்பிக்கவில்லை; பெயர் வந்தபோது அதைத் தாங்க இடம் வைத்திருந்தது.

2018 மே மாதத்தில் சிலர் அந்தக் குளத்தில் வெள்ளைச் சாயத்தைக் கொட்டி, வெள்ளையராக இருப்பதில் தவறில்லை என்று பொருள்படும் வாசகம் அச்சிட்ட துண்டுத்தாள்களைச் சிதறவிட்டுப் போனார்கள். உடைக்க மூக்கில்லாத சிற்பத்தை எப்படி அவமதிப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரூபம் சாதாரண மக்களுக்குப் புரியாது என்று அரை நூற்றாண்டாக எழுதப்பட்ட கட்டுரைகள் அனைத்துக்கும் இது கசப்பான மறுப்பு: அதை வெறுத்தவர்கள் அதைத் துல்லியமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள், எந்தப் பலகையின் உதவியும் இல்லாமல் எந்த நிறத்தை எங்கே ஊற்ற வேண்டும் என்று அறிந்திருந்தார்கள். ஆனால் 1969இல் நகர மன்றமும் 2018இல் சாயம் கொட்டியவர்களும் இந்தச் சிற்பத்தின் அரசியலுக்குச் சான்றளித்தார்கள் என்று சொல்லி நிறைவடைவது, பகைவரின் கண்ணால் மட்டுமே தன்னை அளந்துகொள்ளும் பழக்கமாகிவிடும். வெறுப்பு ஓர் அர்த்தத்தை உறுதிப்படுத்தலாம், அதை வளர்க்காது. வளர்ப்பது, அந்தச் சிற்பத்தின் எதிரே கூடுவோர் ஒவ்வொரு தலைமுறையிலும் அதன் கதையை முழுதாகச் சொல்வதுதான்: யார் பணம் தந்தார்கள், யார் மறுத்தார்கள், எந்த மன்றத்தில் யாருக்கு இருக்கை இல்லை, அதே ஆண்டில் அதே இரும்பில் அந்நகரத்தில் பிறந்த ஒருவர் எதைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார் என்பது வரை. அரூப நினைவுச்சின்னம் தன் கதையைத் தானே சொல்லாது என்பதை அதன் குறையாகக் கொள்பவர்கள் உண்டு. அந்த வேலையைச் சுற்றியிருப்போரிடம் விட்டுவிடுவது அதன் நேர்மை என்று கொள்ளவும் இடமுண்டு, சுற்றியிருப்போர் அந்த வேலையைச் செய்தால்.

ஹூஸ்டன் வழிகாட்டிகள் ‘உடைந்த ஒபெலிஸ்க்’கை நகரத்தின் பெருமைகளுள் ஒன்றாகப் பட்டியலிடுகின்றன. அந்தச் சிற்பம் நிற்கும் நிலம் நகரத்துக்குச் சொந்தமானதன்று. மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரோடு தனக்கு வழங்கப்பட்டதை ஏற்க அந்நகரம் மறுத்ததனாலேயே அது ஒரு தனியார் வழிபாட்டுக்கூடத்தின் முன் நிற்கிறது. இந்தச் செய்தியை விட்டுவிட்டு அதன் சமநிலையையும் துருவின் நிறத்தையும் மட்டும் வியக்கும் எந்தக் கையேடும், எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருந்தாலும், 1969இல் நகர மன்றம் எடுத்த முடிவையே மீண்டும் எடுக்கிறது.